ஆற்றூர்த் துஞ்சின தேவர்: பள்ளிப்படைக் கோயில்களும் பண்டை மன்னர் மறுமையும்

திருத்தணிகை மலைக்கு மேற்கே ஆந்திர எல்லையை அடுத்துள்ள நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து, அந்நாளில் சென்னை மாநிலம் என வழங்கிய தமிழகத்தோடு 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் சேர்ந்தபோது இவ்வெல்லைப்புற ஊர்களும் தமிழகத்தின் பாலாயின. வரலாறு பயில்வோர் இவ்வூரை நடுவாகக் கொண்டு நாற்புறமும் நோக்குவாராயின் வியத்தற்குரிய செய்தி ஒன்று புலனாகும். வடக்கே காளத்திக்கு அண்மையில் தொண்டைமானாடு, தென்மேற்கே பொன்னையாற்றங்கரையில் மேற்பாடி, தென்கிழக்கே தக்கோலம். சோழர் குடியில் பிறந்த முதல் ஆதித்தன், அவன் பேரர்களாகிய இராசாதித்தன், அரிஞ்சயன் ஆகிய மூவரின் இறப்போடு தொடர்புடையவை இம்மூன்று ஊர்களும். காவிரிக்கரைக் குடியினர் மூவர் தம் நாட்டைவிட்டு வடவெல்லையில் வந்து உயிர்நீத்தனர். அவர்தம் நினைவு போற்றப்பெற்ற முறையைக் கொண்டு, மன்னர் மறுமை குறித்துத் தமிழர் கொண்டிருந்த கருத்து யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறந்த மன்னனைக் கடவுளாக்கி வழிபட்டனர் பண்டை எகிப்தியர். அதனையே நம்மவரும் செய்தனர். பள்ளிப்படை என்பது நம் நாட்டுப் பிரமிடு. இவ்வாறு கூறுவார் இன்று பலர். மேடையில் இது சுவையாக இருக்கும். கல்வெட்டில் இதற்குச் சான்று இல்லை.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பள்ளி என்பது துயிலிடம். சமண, பௌத்தத் துறவோர் உறைவிடங்களுக்கும் அச்சொல் ஆயிற்று. படை என்பதனைச் சேனை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தொல்காப்பியம் நடுகல் வழிபாட்டின் துறைகளுள் ஒன்றைப் பெரும்படை என்று பெயரிடுவதனால், படையல் என்னும் பொருளை ஈண்டும் ஏற்றலாமோ எனின், அதனினும் நேரான விளக்கம் ஒன்று உண்டு. வேலூரை அடுத்த சோழபுரத்தில் கம்பவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. இராசாதித்தன் என்னும் கங்கர் குலத் தலைவன், தன் தந்தை பிருதிகங்கரையனைப் பள்ளிப்படுத்த இடத்தில் ஈசுவராலயமும் இறந்தார்க்குரிய இல்லமும் எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. பள்ளிப்படுத்தல் என்ற வினையினின்றே பள்ளிப்படை என்ற பெயர் பிறந்தது என்க. துயில வைத்த இடம் என்பதே அதன் பொருள். (இவ்விராசாதித்தனைத் தக்கோலத்தில் மாண்ட சோழ இளவரசனோடு மயக்குதல் ஆகாது.) அக்கல்வெட்டு ஈசுவராலயத்தையும் இறந்தார் இல்லத்தையும் வேறுவேறாகக் கூறுவது கருதற்பாலது. கோயில் கடவுட்கு; இல்லம் இறந்தவர்க்கு. இவ்வேறுபாட்டைக் கைவிடாமல் மேற்செல்வோம்.

சாவைத் துயிலாகக் கூறும் மரபு சோழர் காலத்தில் புதிதாக எழுந்ததன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் எனப் பெயர்கள் வருகின்றன. இவற்றுள் இரண்டில் பள்ளி, துஞ்சுதல் என்னும் இரு சொற்களும் ஒருங்கே நிற்றல் காண்க. பன்னூறு ஆண்டுகட்குப் பின்னர் அதே மரபு கல்லில் தோன்றுகிறது. ஆதித்தன், தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார். இராசாதித்தன், ஆனைமேல் துஞ்சினார். அரிஞ்சயன், ஆற்றூர்த் துஞ்சின தேவர். அவன் மகன் சுந்தரசோழன், பொன்மாளிகைத் துஞ்சின தேவர். இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டே பட்டங்களைச் சோழர் மாறி மாறிச் சூடிக்கொண்டமையால், இறந்தாருள் இன்னார் என்று பிரித்தறிய இவ்வடைமொழி பயன்பட்டது என்பதும் உண்மையே. எனினும் பிரித்தறிவதற்கு வென்ற போரைச் சொல்லியிருக்கலாம். எடுத்த கோயிலைச் சொல்லியிருக்கலாம். அவற்றை விடுத்து மாய்ந்த இடத்தைச் சொல்லியது ஏன்?

இவ்வினாவிற்கு விடை காணக் கடல் கடந்து சென்று மீளுதல் நன்று. காம்போச நாட்டு மன்னர்க்கும் இறந்தபின் புதுப்பெயர் இடும் வழக்கம் இருந்தது. இரண்டாம் செயவர்மன் பரமேசுவரன் எனப்பட்டான். முதல் இந்திரவர்மன் ஈசுவரலோகன் எனவும், யசோவர்மன் பரமசிவலோகன் எனவும், அங்கோர்வாட்டை எடுப்பித்த இரண்டாம் சூரியவர்மன் பரமவிட்டுணுலோகன் எனவும் குறிக்கப்பெற்றனர். இறந்தவன் எவ்வுலகு புக்கான் என்பதை அப்பெயர்கள் அறிவிக்கின்றன. சோழர் பெயர்களோ அவன் எம்மண்ணில் கண்மூடினான் என்பதை அறிவிக்கின்றன. இரண்டும் சைவ வைணவச் சமயங்கள் தழைத்த நாடுகள். இரண்டிலும் இலிங்கத்திற்கு அரசன் பெயரைச் சூட்டும் வழக்கம் உண்டு. 881இல் பாகோங்கு கோயிலில் இந்திரவர்மன் நிறுவிய இலிங்கம் இந்திரேசுவரமே. அங்ஙனமாகவும், இறந்தவனை ஒரு நாடு மேலுலகின் பெயராலும் மற்றொரு நாடு நிலவுலகின் பெயராலும் நினைத்தன. இவ்வேறுபாடு சிறிதன்று.

கண்டராதித்தன் ஒருவனுக்கு மட்டும் மேற்கெழுந்தருளின தேவர் என்ற பெயர் வழங்கியது. எகிப்தியர் இறந்தாரை மேற்றிசையார் எனக் கூறுவதை அறிந்தோர், இவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு இரு நாட்டையும் பிணைக்க முற்படக் கூடும். அது பிழை. தமிழர்க்கு இறந்தார் திசை தெற்கு. வள்ளுவர் இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தமையும் அறிக. ஒலியும் திசையும் ஒத்த மாத்திரையானே உறவு கற்பித்தல் ஆராய்ச்சி ஆகாது.

எனினும் எகிப்தை ஒப்புநோக்குதல் வேறு வகையில் பயன்தரும். அங்கு உயிரோடிருக்கும் அரசன் ஓரசு என்னும் பருந்துக் கடவுள். இறந்த அரசன் ஒசிரிசு. அவன் உடல் கெடாது காக்கப்பெற்றால்தான் அவன் வாழ்வு நிலைக்கும். கி.மு. 26ஆம் நூற்றாண்டில் எழுந்த கூபுவின் பிரமிடு ஏறத்தாழ 146 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்டது அவ்வுடலின் பொருட்டே. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் உனாசு மன்னனின் பிரமிடு அறைச் சுவர்களில் முதன்முதலாகப் பொறிக்கப்பெற்ற மந்திரங்கள், அவன் விண்ணேறித் தேவரோடு தேவனாய் வாழ்வதை உறுதிப்படுத்த எழுந்தவை. உடலைப் போலவே பெயரும் உயிரின் கூறு. ஆகவே பகைத்தவனை மறுமையிலும் ஒழிக்க வேண்டுமாயின் கல்லினின்று அவன் பெயரைச் செதுக்கி எறிந்தனர். பெண்ணரசி ஆத்செப்சுத்து, சமயப் புரட்சி செய்த ஆக்னதன் ஆகியோர் பெயர்கட்கு இக்கதி நேர்ந்தது.

மெசபொத்தேமியாவில் நிலைமை முற்றும் வேறு. கி.மு. 23ஆம் நூற்றாண்டளவில் அக்காது நாட்டு நராம்சின் தன் பெயர்க்கு முன் கடவுட் குறியை இட்டுக்கொண்டான். ஊர் நகரத்துச் சுல்கியும் பின்னர் அவ்வாறே செய்தான். ஆயினும் அந்நாட்டினர் கருதிய கீழுலகம் இருளும் புழுதியும் நிறைந்தது. அங்கே அரசனும் ஆண்டியும் ஒருங்கே பசித்திருப்பர். கில்கமேசு காவியத்தின் துயரம் முழுவதும் இதில் அடங்கும். எனவே இறந்தார் பெயரைச் சொல்லி உணவும் நீரும் வார்த்தல் வாழ்வோர் கடன். கிசுபு எனப்பட்ட அச்சடங்கில் அழைத்தற்பொருட்டு அமுராபியின் முன்னோர் பெயர்களை வரிசைப்படுத்திய களிமண் ஏடு ஒன்று 1966இல் வெளியிடப்பெற்றது. தன்னைக் கடவுள் என்று அழைத்துக்கொண்ட மன்னர் பிறந்த அந்நாட்டிலும் இறந்த மன்னனுக்குத் தாகம் உண்டு.

இத்தாகம் நமக்கும் புதிதன்று. 1044இல் முதல் இராசேந்திரன் செய்யாற்றை அடுத்த பிரமதேசத்தில் காலமானான். அவன் தேவி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். அவள் உடன்பிறந்தானாகிய மதுராந்தகன் பரகேசரி வேளான் என்னும் சேனாபதி அவ்விருவர் தாகந்தணியும் பொருட்டு அங்கே தண்ணீர்ப்பந்தல் அமைத்து அறக்கொடை வழங்கினான் என்பது, இராசாதிராசனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டால் தெரிகிறது. கங்கை வரை தன் படையைச் செலுத்தியவன். கடாரத்தின்மேல் கலம் விட்டவன். கங்கைநீரைக் கொணர்ந்து சோழகங்கம் என்னும் பேரேரி கண்டவன். அவனுக்கு மைத்துனன் செய்த கடைசிக் கடன் ஒரு தண்ணீர்ப்பந்தல்! தீப்பட்டு இறந்த உடன்பிறந்தாளை நினைந்தே அவன் தண்ணீரைத் தேர்ந்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. வழிச்செல்வோர் பருகும் நீர் இறந்தோரைச் சென்றடையும் என்னும் நம்பிக்கையே அவ்வறத்தின் அடிப்படை. இந்நம்பிக்கையில் மன்னன் கடவுள் அல்லன், நீர்வேட்கை உடையவன், நம்மை நோக்கி இருப்பவன்.

இதன் வேரைச் சங்க நூல்களில் காணலாம். அதியமான் நடுகல் முன்னர்ச் சிறுகலத்தில் கள் வார்க்கக் கண்ட ஒளவையார், நாடே கொடுப்பினும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று இரங்குகிறார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பொத்தியார் உடனிருக்க விழைந்தார். மனைவிக்கு மகன் பிறந்தபின் வருக என்று அவன் திருப்பியனுப்பினான். அவர் மீண்டு வந்தபோது அவன் கல்லாகி நின்றான். கல்லான பின்னும் அவன் தமக்கு இடங்கொடுத்தான் என்று புலவர் பாடுகின்றார். இறந்தவன் கல்லில் உறைகிறான், உண்கிறான், நண்பர்க்கு இடந்தருகிறான். அவனுக்கு வழிபாடு உண்டு. ஆயினும் அவன் தன்மை மானிடத் தன்மையே. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துடைய நடுகற்கள், இவ்வழக்கத்தின் பழமையைச் சங்கப் பாடல்களின் துணையின்றியே நிறுவிவிட்டன. உடலைப் புதைக்கும் முறைகளைப் பற்றி ஈண்டு விரிக்கவில்லை. மணிமேகலை ஐவகை முறைகளைக் கூறுவதும், ஆதிச்சநல்லூர்த் தாழிகளும், சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் அகழப்பெற்ற ஈமக்குழிகளும் தமிழறிஞர் நன்கறிந்தவை.

இனி வடவெல்லைக்கு மீள்வோம். திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயில் உளது. நம்பி அப்பி என்பான் எடுப்பித்த அக்கற்றளியில் பல்லவன் அபராசிதன் தானே இயற்றிய வெண்பா ஒன்று பொறிக்கப்பெற்றுள்ளது. அரசன் பாடிய தமிழ்ப்பாட்டு அவன் காலத்திலேயே கல்லேறியது அரிய செய்தி. அப்புலவரசனைப் போரில் வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டவனே முதல் ஆதித்தன். இதனைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், திருத்தணிக்கு அணித்தான திருவாலங்காட்டில் 1905இல் வெளிப்பட்டவை. வென்ற நாட்டிலேயே ஆதித்தன் 907ஆம் ஆண்டளவில் இறந்தான். அவன் மகன் முதற் பராந்தகன், தொண்டைமானாற்றூரில் கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் பெயர்பெற்ற கோயிலை எடுப்பித்தான். கோதண்டராமன் என்பது ஆதித்தனின் சிறப்புப் பெயர். பராந்தகனது 34ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அக்கோயில் விழா நாள்களில் ஆயிரவர்க்கு உணவளித்தற்கு வாகீசுவர பண்டிதர் செய்த ஏற்பாட்டைக் கூறுகிறது. இறந்து முப்பதாண்டுகட்கு மேலாயினும் அவன் பெயரால் சோறு இடப்பெற்றது என்பது நோக்கத்தக்கது. பிரமதேசத்து நீரும் ஆற்றூர்ச் சோறும் ஒரே எண்ணத்தின் இருவேறு வடிவங்கள்.

949இல் தக்கோலப் போர் நிகழ்ந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு பொருத இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாய்ந்தான். அவனை வீழ்த்தியவன் கங்கன் பூதுகன் என்பதை ஆதகூர்க் கல்வெட்டு உரைக்கும். இப்போரில் மாண்டவனைவிட மாளாதவன் கதை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இராசாதித்தனின் படைத்தலைவனாகவும் நண்பனாகவும் இருந்த சேரநாட்டு வெள்ளங்குமரன் போர்க்களத்தில் இல்லை. தலைவனோடு இறக்கும் பேறு வாய்க்காமையால் உளமுடைந்து, கங்கையாடி, துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதன் என்ற பெயரோடு மடத்தலைவன் ஆனான். இதனைக் கூறும் திருவொற்றியூர்க் கல்வெட்டு, இராசாதித்தனை வென்ற அதே கிருட்டிணன் ஆட்சிக்காலத்தது. சுமேரியரின் ஊர் நகரத்தில் உல்லி அகழ்ந்த பெரிய சாக்குழியில் எழுபத்து நால்வர் கிடந்தனர். இறந்த தலைமக்களுக்கு மறுமையில் ஏவல் செய்ய அவர் உடன் அனுப்பப்பெற்றனர் என்பர். வெள்ளங்குமரன் உடன்செல்ல விரும்பியது ஏவல் செய்தற்கன்று. அவன் பிசிராந்தையார் வழிவந்தவன். நட்பிற்காகச் சாக விழைந்தவன். சாவு கிட்டாதபோது நீறு பூசி, உலகிற்கு இறந்தவனாய் வாழ்ந்தான். வீரமாதேவி தீப்புகுந்ததையும் இவ்வாறே நட்பு என்று கூறிவிட இயலாது; அதில் வழக்கத்தின் வலியும் உண்டு. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று.

பராந்தகன் மக்களுள் மற்றொருவனாகிய அரிஞ்சயன் சில காலமே ஆண்டு ஆற்றூரில் துஞ்சினான். தொண்டைமான் என்னும் அடைமொழி அவன் பெயரில் இன்மையால், ஆதித்தன் இறந்த ஊரே இதுவும் என்று துணிதல் கூடாது. அவனுக்குப் பள்ளிப்படையாக முதல் இராசராசன் மேற்பாடியில் ஒரு கோயில் எடுப்பித்தான். அதற்கு அரிஞ்சிகை ஈசுவரம் என்று பெயர். இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனைப் பள்ளிப்படை என்றே ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறது. காலக்கணக்கை நோக்குக. பாட்டன் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்து முடித்து, தன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் இருந்த பேரன், தொலைவிலுள்ள எல்லைப்புறத்தில் சிறியதொரு கோயிலைக் கட்டுகிறான். சோழர் தொண்டை நாட்டை இழந்து பெற்ற துன்பக் காலத்தின் நினைவு அவனை விட்டு நீங்கவில்லை போலும். மேற்பாடிக்கு இராசாச்சிரயபுரம் என்று தன் பட்டப்பெயரை இட்டவன், கோயிலுக்குத் தன் பெயரை இடாது பாட்டன் பெயரை இட்டான்.

இனி, அக்கோயிற் கருவறையில் வழிபடப்பெற்றவர் யார்? அரிஞ்சயனா? சிவபெருமானா? ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்பதிலுள்ள தேவர் என்ற சொல்லைக் கொண்டு மன்னன் கடவுளானான் எனல் பொருந்தாது. உயிரோடு ஆண்ட இராசராசனும் அக்கல்வெட்டிலேயே இராசராச தேவர்தான். உடையார் என்பதும் அத்தகையது. இறைவன், கோ, கோயில் என்னும் சொற்கள் அரசற்கும் கடவுட்கும் பொதுவாய் நின்றமை தமிழின் பழைய இயல்பு. கோயிற் பெயரும் சான்றாகாது. காஞ்சியில் இராசசிம்மேசுவரமும் தஞ்சையில் இராசராசேசுவரமும் அவ்வம்மன்னர் வாழ்ந்த நாளிலேயே அவர் பெயர் பூண்டன. ஆகவே, அரசன் பெயர் தாங்கிய ஈச்சரம் எல்லாம் பள்ளிப்படை எனக் கொள்ளுதலும் தவறு. பள்ளிப்படை என்ற சொல் கல்வெட்டில் உள்ளதா என்பதே உரைகல். நம் மாணவர் சிலர் தாம் கண்ட சிறு கற்றளிகளை எல்லாம் பள்ளிப்படை என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகின்றனர், இவ்விரைவு வேண்டா.

சொல்லும் பெயரும் தருவது இவ்வளவே: மன்னன் படுத்த இடத்தில், அல்லது அவன் நினைவிற்கென வகுத்த இடத்தில், கடவுள் வந்து எழுந்தருளுகிறார், எழுந்தருளும் கடவுள் மன்னன் பெயரைத் தாம் ஏற்றுக்கொள்கிறார். எகிப்தில் மன்னன் கடவுளின் பெயரைப் பெற்று ஒசிரிசு ஆகின்றான். இங்கே கடவுள் மன்னனின் பெயரைப் பெற்று அரிஞ்சிகை ஈசுவரர் ஆகின்றார். அங்கே ஏற்றம், இங்கே இறைவன் இறங்கி வருதல். வடமொழிப் பட்டயங்கள் மன்னர் விண்ணுலகு புக்கனர் என்று மரபுப்படி பாடுகின்றன என்பதை மறுக்கவில்லை. இராசாதித்தன் வீரசுவர்க்கம் எய்தினான் என இலெய்டன் பட்டயம் கூறும். ஆயின் அது புகழ்ப்பாட்டின் மொழி. விளக்கும் சோறும் நீரும் வேண்டி வெட்டிய தமிழ்க்கல் துஞ்சிய இடத்தோடு நின்றுவிடுகிறது.

இதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. அதனையும் கூறுதல் கடன். குந்தவைப் பிராட்டி தஞ்சைப் பெருங்கோயிலில் தன் தந்தையாகிய பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் திருமேனியை எழுந்தருளுவித்து, அதற்கு வேண்டுவனவற்றுக்கு நிவந்தமும் அளித்தாள். இறந்த மன்னன் வடிவிற்கே கோயிலில் வழிபாடு நிகழ்ந்தது என்று இதனைக் காட்டுதல் கூடும். ஆயினும் அதே கோயிலில் ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி நாயன்மார் திருமேனிகளையும் எழுந்தருளுவித்தான். இறைவன் முன் நிற்கும் அடியார் வரிசையில் சுந்தரசோழன் வடிவையும் சேர்த்துக் காண்பதே தக்கது என்பது என் கருத்து. கருவறைக்குள் அவன் புகவில்லை.

கல்லறைமேல் கோயில் எழுப்புதல் தீட்டன்றோ எனின், இவ்வெல்லைப் பகுதியிலேயே விடை உள்ளது. திருவாலங்காட்டில் பெருமான் ஆடும் களம் சுடுகாடு. காரைக்காலம்மையார் பேயுருவோடு இருந்து அதனைக் கண்டு பாடினார். சுடலையைத் தன் அரங்காகக் கொண்ட கடவுட்குப் பள்ளிப்படை தீட்டாதல் எங்ஙனம்? எனினும் கடவுட்குத் தீட்டில்லை என்பதனால் பூசகர்க்கும் இல்லை என்றாகாது. ஆகவே இக்கோயில்கள் யார் பொறுப்பில் இருந்தன என்பது நோக்கத்தக்கது. தொண்டைமானாற்றூரில் வாகீசுவர பண்டிதர். பழையாறைப் பகுதியில் இராசராசன் தேவி பஞ்சவன்மாதேவிக்கு முதல் இராசேந்திரன் எடுத்த பஞ்சவன்மாதேவீசுவரத்தில் இலகுளீசுவர பண்டிதர். மேற்பாடிக் கல்வெட்டிலும் இலகுளீசுவர பண்டிதர் என்ற பெயர் உண்டு. இவர்கள் பாசுபத, காளாமுக நெறியினர். சுடலை நீற்றைப் பூசுவதை நோன்பாகக் கொண்ட அவர்கட்கு இறந்தார் இடம் அஞ்சத்தக்கதன்று. தம்மை ஈன்றவள் அல்லாத சிற்றன்னைக்கு இராசேந்திரன் பள்ளிப்படை எடுத்தான் என்பது அவனைப் பற்றிய நம் மதிப்பை உயர்த்துகிறது. அதனை இடமின்மையால் இவ்வளவில் விடுகின்றேன்.

பஞ்சவன்மாதேவீசுவரத்துக் கல்வெட்டில் பிற்காலத்தார் செய்த வேலை ஒன்று உண்டு. பள்ளிப்படை என்னும் சொல்லைச் சிதைத்து மறைக்க முயன்றிருக்கின்றனர். அரசியின் பெயரை அவர் தொடவில்லை. எகிப்தில் பெயரை அழித்துக் கல்லறையை விட்டனர். இங்கே பெயரை விட்டுக் கல்லறை என்ற சொல்லை அழிக்க முனைந்தனர். காளாமுகர் மறைந்து, கோயில் பிற கோயில்களைப் போன்ற பூசைமுறைக்குள் வந்தபோது, அச்சொல் கூச்சத்தை விளைத்திருக்க வேண்டும். அழித்தவர் அரசியின் பகைவராக இருந்திரார்; அக்கோயிலில் வழிபட விரும்பிய எளிய மக்களாகவே இருந்திருப்பர். ஆயினும் கைப்பட்ட இடத்திலும் எழுத்தின் தடம் எஞ்சியமையால் நாம் அதனைப் படிக்கின்றோம்.

மறைந்தது சொல் மட்டுமன்று. பஞ்சவன்மாதேவீசுவரம் இன்று இராமநாதன் கோயில். தொண்டைமானாட்டுக் கோதண்டராமேசுவரம் என்ற பெயரைக் கேட்போர் வில்லேந்திய இராமனை நினைப்பரேயன்றி ஆதித்தனை நினையார். மேற்பாடியில் வழிபடுவோர்க்கு அவர் சோழேசுவரர். அச்சோழன் யாவன் என்பதைச் சுவரிலுள்ள எழுத்தே கூறும்.